ஏற்காட்டு வீட்டில் சமையலறைத் தரை மாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏற்காடு ஊரை ஒட்டிய மலைச்சரிவில், 1990களின் தொடக்கத்தில் கட்டிய தரைத்தள வீடு இது. சரிவை வெட்டிச் சமன்செய்து எழுப்பியதால், பின்சுவருக்கு வெளியே மண்மேடு அப்படியே நின்றது. சமையலறைத் தரைமட்டத்துக்கு மேல் சுமார் 2 அடி உயரத்துக்கு அந்த மண் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கடைக்கால் கருங்கல், மேலே செங்கல் கட்டு. சமையலறை 12 அடிக்கு 9 அடி. 12 அடி நீளமுள்ள பக்கம்தான் மண் ஒட்டிய பின்சுவர். வீட்டில் நான்கு பேர்: நடுவயதுக் கணவன் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய கணவரின் தாயார்.

முதலில் இருந்தது காவித் தரை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதை உளியால் கொத்திவிட்டு, அதன் மேலேயே கலவை போட்டு இரண்டுக்கு இரண்டு அடி பளபளப்பு விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்தார்கள். சில மழைக்காலங்களுக்குள் இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பின்சுவர் ஓரத்தில் மூன்று டைல்ஸ் கிளம்பி நின்றன. ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை பெரும்பாலான காலைகளில் தரை ஈரமாகவே இருந்தது. ஆவணியில் ஒரு நாள் வீட்டின் பெரியவரான தாயார் சிங்க் அருகே வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

அதன் பிறகுதான் தரையை மாற்றுவதென்று முடிவானது. சேலத்துக்குப் போய் டைல்ஸ் எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்தார்கள். மருமகள் கேட்டது ஒன்றுதான்: "அத்தை காலு வழுக்காம இருந்தாப் போதுங்க, பாக்க எப்படி இருந்தாலும் சரி."

முதல் பார்வையில் கண்டவை

புரட்டாசி நடுவில் பார்வையிட்டார்கள். ஒரு மரக்கட்டையால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தார் மேஸ்திரி. முழு டைல் கணக்கில் 27. அவற்றில் 11 டைல்ஸ் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கொடுத்தன. கிளம்பிய டைல் ஒன்றைக் கையாலேயே எடுக்க முடிந்தது. அடிப்பக்கம் கலவை ஒட்டிய தடமே இல்லை. டைல் சுட்ட உலையிலிருந்து வந்த வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். அதனால் ஊறவைத்து, கலவை மேல் சிமெண்ட் பால் ஊற்றி, தட்டி உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைலின் நீர் உறிஞ்சுதிறன் 0.5 சதவீதத்துக்கும் கீழே. சிமெண்ட் பால் உள்ளே இறங்க அதில் நுண்துளையே கிடையாது. ஆனால் டைல் மாறியும் கொத்தனார்களின் கைப்பழக்கம் பல இடங்களில் மாறவில்லை. இந்த வீட்டிலும் டைல்ஸைத் தொட்டியில் ஊறவைத்துத்தான் பதித்ததாகச் சொன்னார்கள். அடியில் ஓதமும் சேர்ந்தால் பிடிமானம் விட்டுப்போக அதிக நாள் ஆகாது.

சிங்க்கின் அடியில் கழிவுக்குழாய் இணைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டபோதுதான் அது தெரிந்தது. குழாயை லேசாகத் திறந்து பார்த்தால் தெரியாத கசிவு.

ஈரம் கீழிருந்தா, காற்றிலிருந்தா

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் தரை எப்போதும் சில்லென்று இருக்கும். அதன் மேல் ஈரக்காற்றோ கொதிக்கும் பானையின் ஆவியோ பட்டால் தரையில் நீர் கோக்கும். மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காரணம் தெரியாமல் தரையை மாற்றினால் புது டைலிலும் அதே ஈரம் நிற்கும்.

எனவே பாலிதீன் தாள் சோதனை செய்தார்கள். இரண்டடிச் சதுரத் தாள்கள் மூன்று. தரையைத் துடைத்துக் காயவைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, 48 மணி நேரம் விட்டுவைத்தார்கள். டைல் வழியாக ஈரம் வராது, இணைப்பு வழியாகத்தான் வரும். ஆகவே நடுத்தரையிலும் ஹால் வாசலிலும் ஒட்டிய தாள்கள் நான்கு டைல்ஸ் கூடும் முனையை மூடுமாறு வைக்கப்பட்டன. பின்சுவர் ஓரத்தில் டைலை எடுத்த இடத்தில் வெறும் தளத்தின் மேலேயே ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பின்சுவர்த் தாளின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர், தளம் கறுத்திருந்தது. நடுவில் இருந்த தாளின் அடிப்பக்கம் காய்ந்திருந்தது, மேல்பக்கம் ஈரம். ஹால் வாசல் அருகே இருபுறமும் காய்ந்திருந்தது. ஆக, பின்சுவரை ஒட்டிய பகுதிக்கு மண்ணிலிருந்து ஓதம். நடுவில் பெரும்பாலும் காற்றின் ஈரம். இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு டேப் சுருளும் சில அடி பாலிதீனும். டைல்ஸ் கடைக்குக் கிளம்பும் எவரும் இதைச் செய்துவிட்டுக் கிளம்பலாம்.

எந்தத் தரை

வீட்டில் ஆளுக்கொரு விருப்பம். மகனுக்கு மரம் போன்ற லேமினேட் அல்லது வினைல் பலகை. கணவருக்குக் கறுப்பு கிரானைட். தாயாருக்குப் பழைய காவித் தரையே மீண்டும் வேண்டும்.

லேமினேட் உடனே விலக்கப்பட்டது. அதன் உள்ளீடு அழுத்திய மரநார், ஈரம் பட்டால் ஊதிவிடும். வினைல் பலகை தண்ணீரைத் தாங்கும்தான், ஆனால் அடியில் ஓதம் உள்ள தளத்தில் பூஞ்சை பிடித்து நாறும். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரடியாக வைத்தால் தழும்பும் விழும்.

கிரானைட் நல்ல பொருள். புளி, எலுமிச்சைக்கு அசையாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கல்லே கிடைக்கும். இடைஞ்சல் அதன் பாலிஷில். ஈரமான பாலிஷ் கிரானைட் பழைய டைலைப் போலவே வழுக்கும். நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல் வழுக்காது, ஆனால் குழிகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் போகாது. 18 மி.மீ. கல் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 50 கிலோ. 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவர வேண்டும்.

விலை மலிவென்று கடப்பா கல்லையும் கோட்டா கல்லையும் உறவினர் ஒருவர் சொன்னார். இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை. புளிக்கரைசல் சிந்தி ஐந்து நிமிடம் நின்றாலே மங்கிய தடம் விழும். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டது, துடைத்துப் போக்க முடியாது. மார்பிளுக்கும் இதே கதிதான். கையால் செய்யும் ஆத்தங்குடி டைல்ஸ் கூடத்துக்கு அழகு. சிமெண்ட் டைல் என்பதால் எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துவிடும்.

காவித் தரையைத் தள்ளுவதற்குத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. பெரியவரின் விருப்பத்தில் நியாயம் இருந்தது. பழைய காவித் தரை ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், ஆகவே மேலே படலமாக நீர் நிற்பது குறைவு. இணைப்பே கிடையாது, அழுக்கு சேர இடமில்லை. ஆனால் ஓதம் இருந்த தளத்தில் உப்பு மேலேறினால் சிவப்புத் தரையில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அடியிலுள்ள தளம் சற்று அசைந்தாலும் விரிசல் விடும், விட்டால் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்ய முடியாது. நன்றாகத் தேய்க்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. சமையலறைக்கு வேண்டாம், முன்திண்ணைக்குப் போடலாம் என்றதும் அவர் ஒத்துக்கொண்டார்.

எஞ்சியது மேட் (பளபளப்பில்லாத) விட்ரிஃபைடு. இதிலும் எதை எடுப்பது என்பது பெட்டி மேலுள்ள எண்ணோடு முடிவதில்லை. ஆர்9, ஆர்10, ஆர்11 என்று கடைகளில் சொல்லும் தரக்குறியீடு ஜெர்மன் தரநிலையான டிஐஎன் 51130-இலிருந்து வந்தது, எண்ணெய் பூசிய சாய்தளத்தில் காலணி அணிந்து நடந்து அளப்பது. ஆர்10 என்றால் 10 முதல் 19 பாகை வரை சாய்ந்தாலும் நிற்கலாம். நம் சமையலறையில் யாரும் காலணி போடுவதில்லை. வெறுங்காலுக்குத் தனி வகைப்பாடு, டிஐஎன் 51097-இலிருந்து வந்தது: ஏ, பி, சி என ஏறுமுகமாக மூன்று வகுப்பு. கடைக்காரரிடம் இரண்டையும் கேட்க வேண்டும். தெரியாது என்றால் டைலை நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, செருப்பைக் கழற்றி மிதித்துப் பார்ப்பதே மேல்.

நான்கு மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சள்தூள் குழைத்த நல்லெண்ணெய் ஒரு பக்கம், கெட்டிப் புளிக்கரைசல் ஒரு பக்கம் தடவி இரவு முழுக்க விட்டார்கள். காலையில் பாத்திர சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தபோது, சொரசொரப்பு மிகுந்த ஆர்11 மாதிரியின் குழிகளில் மஞ்சள் தங்கியது. ஆர்10 மாதிரிகள் இரண்டில் ஒன்று சுத்தமாக வந்தது, மற்றதில் லேசான நிழல். மினுமினுப்பான ஆர்9 பளிச்சென்று வந்தது; நனைத்து மிதித்தால் கால் நழுவியது. சுத்தமாக வந்த ஆர்10-ஐத் தேர்ந்தார்கள். வெறுங்கால் வகுப்பு பி.

அளவு ஒன்றுக்கு ஒன்று அடி. பெரிய டைல்தான் இப்போது எல்லோரும் கேட்பது, இணைப்பு குறைவு என்பதால். ஆனால் சரிவு கொடுக்க வேண்டிய தரையில் சிறிய டைல்தான் ஒழுங்காக உட்காரும். இணைப்புகள் காலுக்குக் கூடுதல் பிடியும் தரும். நிறம் வெளிர் சாம்பலில் சிறுபுள்ளி. அடர்நிறம் வேண்டாம் என்பதற்குக் காரணம், சிந்திய தண்ணீர் அதில் பெரியவர் கண்ணுக்குத் தெரியாது.

பொங்கலுக்கு முன் வேண்டாம் என்ற முடிவு

பொங்கலுக்குள் வேலை முடிய வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சுவரோர மண்மேட்டைத் தோண்டினால் சரிவு இறங்கும், புதுத் தளமும் காயாது. பொறியாளர் மாசிக்குத் தள்ளச் சொன்னார். அதுவரைக்கும் மேட்டின் தலைப்பில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். சுவரோர மண்ணின் மேல் தார்ப்பாய் விரித்தார்கள். சிங்க் கசிவை அன்றே சரிசெய்தார்கள். சிங்க் முன் துளையுள்ள ரப்பர் பாய் போட்டு, தினமும் தூக்கிக் காயவைத்தார்கள். சாக்கும் பழைய துணியும் விரிப்பது தடை செய்யப்பட்டது. ஈரப் பளபளப்புத் தரையில் அவை காலோடு சேர்ந்து நகரும்.

செய்த வேலை

முதலில் வெளியே. மாசியில் பின்சுவரோர மண்ணை இரண்டரை அடி அகலத்துக்கு, நான்கு நான்கு அடித் துண்டுகளாக வெட்டினார்கள். மொத்தமாகத் தோண்டினால் கடைக்காலும் சரிவும் ஒரே நேரத்தில் வெறுமையாகும். வெட்டிய இடத்தின் மட்டம் உள்தரைக்கு 8 அங்குலம் கீழே. மலைப்பக்கம் மண் சரியாமலிருக்க, கலவையில்லாமல் கருங்கல் அடுக்கி 3 அடித் தாங்குசுவர். சுவருக்கும் அதற்கும் இடையே ஓர் அடி அகல, 10 அங்குல ஆழக் குழி. அதில் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோ துணி விரித்து, துளையிட்ட 4 அங்குலக் குழாய் வைத்து, 20 மி.மீ. ஜல்லி நிரப்பி, நூறுக்கு ஒன்று சரிவில் வீட்டின் பக்கவாட்டுக்கு நீரை எடுத்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் சுவர்ப் பகுதிக்கு மட்டும் பூச்சும் அதன் மேல் இரண்டு கோட் பாலிமர் சிமெண்டும். மற்ற சுவர் காற்றுபடத் திறந்து விடப்பட்டது. சுவர் காய்வதற்குக் காற்றைவிட நல்ல மருந்து கிடையாது. எந்த டப்பா மருந்தும் அதற்கு ஈடாகாது.

உள்ளே பழைய டைல், கலவை, காவித் தரை, தளம் எல்லாவற்றையும் எடுத்து, புதுத் தரை வரவேண்டிய மட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்பதரை அங்குலம் கீழே போனார்கள். மண்ணை இடித்து இறுக்கி, அதன் மேல் 4 அங்குலம் 40 மி.மீ. ஜல்லி, 40 கன அடி தேவைப்பட்டது. ஜல்லிக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைத் தாண்டி ஈரம் மேலேறாது, அதற்காகவே இந்தப் படுகை. கூர்முனை குத்தாமலிருக்க மேலே மெல்லிய எம்-சாண்ட். பிறகு 250 மைக்ரான் பாலிதீன் தாள், ஒட்டு 6 அங்குலம் ஏறி, சுவரோரம் மேலே மடக்கி. அதன் மேல் 3 அங்குலத் தளம், 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை, 5 மூட்டை சிமெண்ட். பத்து நாள் தண்ணீர் கட்டினார்கள். பின்னர் 1:4 கலவையில் சரிவுப் பூச்சு: ஹால் வாசலில் 2 அங்குலம், எதிர்முனையில் நீர் போகும் துளையருகே 1 அங்குலம். 12 அடிக்கு ஓர் அங்குலச் சரிவு. தண்ணீர் ஓடும், நிற்பவர் உணரமாட்டார்.

பூச்சை மூன்று வாரம் காயவிட்டு, மீண்டும் தாள் ஒட்டிப் பார்த்தார்கள். அடிப்பக்கம் காய்ந்திருந்த பின்தான் டைல்ஸ் பதிக்கத் தொடங்கினார்கள்.

தரை 108 சதுர அடி, 4 அங்குல ஸ்கர்ட்டிங் (சுவரடி டைல் பட்டை) 12, சேதாரம் சேர்த்து 130 சதுர அடி. உதிரிக்கு ஒரு பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச், ஒரே ஷேடு எண் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்த்தார்கள். மலையேறிய பின் எண் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தால் இன்னொரு வண்டிச் செலவு. வண்டியில் பெட்டிகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கினார்கள்.

ஒட்டுவதற்கு ஐஎஸ் 15477 தரநிலையில் டைப் 2 பசை, 20 கிலோ மூட்டை மூன்று. டைலை ஊறவைக்கவில்லை, அடியிலுள்ள வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்தார்கள். 8 மி.மீ. பல் கரணையால் தரையில் ஒரே திசையில் பசை இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவினார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு டைலை உடனே பிரித்து, முதுகு முழுக்கப் பசை பரவியிருக்கிறதா என்று பார்த்தார்கள். முதல் வரிசையில் மூலைகளில் வெறுமை தெரிந்தது. கலக்கி அதிக நேரம் ஆன பசையைத் தண்ணீர் விட்டு இளக்கியிருந்தார் உதவியாள். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினார்கள். இடைவெளி 3 மி.மீ. சுவரோரம் 6 மி.மீ. விட்டு, அதை சீலன்ட் கொண்டு அடைத்து ஸ்கர்ட்டிங்கால் மறைத்தார்கள். இணைப்பை நிரப்ப 4 கிலோ எபாக்சி (பிசின் வகைக் கிரவுட்). சிமெண்ட் கிரவுட் மஞ்சளையும் எண்ணெயையும் உறிஞ்சும், எபாக்சி உறிஞ்சாது. ஆனால் டைல் மேல் பட்டதை அப்போதைக்கப்போது துடைத்தாக வேண்டும், காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மலைக் குளிரில் எபாக்சி இறுகத் தாமதமானதால் கூடுதலாக ஒரு நாள் காத்திருந்து நடந்தார்கள்.

காற்றின் ஈரத்துக்கு டைல் மருந்தாகாது. அடுப்புக்கு மேல் 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார்கள். குளிக்க வெந்நீர் போடுவதைச் சமையலறையிலிருந்து வெளியே மாற்றினார்கள். பனி இறங்கும் காலையில் ஜன்னலை மூடிவைத்து, வெயில் வந்த பின் திறப்பது என்று பழக்கிக்கொண்டார்கள்.

ஓராண்டுக்குப் பின்

இரண்டு மழைக்காலமும் கடந்த பிறகு, பின்சுவர் ஓரம் மீண்டும் தாள் ஒட்டினார்கள். இம்முறை இணைப்புகளை மூடி ஒட்டியும் அடிப்பக்கம் காய்ந்திருந்தது. இணைப்புகளில் உப்பு இல்லை. தட்டிப் பார்த்ததில் ஒரு டைலின் ஓரம் மட்டும் காலிச் சத்தம். நடமாட்டமில்லாத மூலை என்பதால் அப்படியே விட்டார்கள். யாரும் வழுக்கவில்லை. பெரியவர் துணையின்றி சிங்க் வரை போகிறார்.

பனி கடுமையான காலைகளில் தரை மேல் மெல்லிய ஈரம் இன்னும் படிகிறது, முன்பைவிடக் குறைவாக. மேட் டைலில் அழுக்குச் சீக்கிரம் தெரிகிறது என்பது மருமகளின் குறை. வாரம் ஒருமுறை பிரஷ் போட வேண்டியிருக்கிறது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையிலுள்ள சுவரில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பெயின்ட் குமிழ்விட்டது. பாலிதீன் தாள் தரை வழியை அடைத்துவிட்டதால், கீழே எஞ்சிய ஈரம் ஓதத்தடை இல்லாத பழைய சுவரின் வழியாக ஏறியது. பட்டியும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் இருந்ததால் அது வெளியேற வழியின்றி உப்பியது.

மறுபடி செய்தால் மாற்றுபவை

நடுச்சுவரை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, தளத்தை உடைத்திருக்கும்போதே அதன் அடியில் துளையிட்டு ஓதத்தடை மருந்து செலுத்தியிருக்கலாம். கீழ் 3 அடிக்குப் பட்டியை நீக்கி, சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் மட்டும் அடித்தால் சுவர் தானே மூச்சுவிட்டுக் காயும். இதை இப்போது தனியாகச் செய்கிறார்கள். தரையோடு சேர்த்துச் செய்திருந்தால் ஒரே தூசு, ஒரே கூலி.

இரண்டாவது, பாலிதீனுக்கும் தளத்துக்கும் இடையே 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரீன் நுரை) வெப்பத்தடைப் பலகை. அது இருந்தால் தரை மண்ணின் குளிர்ச்சியிலிருந்து விலகி, அறையின் வெப்பத்தை ஒட்டி நிற்கும். காலைப் படலம் இன்னும் குறைந்திருக்கும். செலவைப் பார்த்து விட்டுவிட்டார்கள். மண்ணைத் தொடும் தரையுள்ள மலைவீட்டில் அதை விடக்கூடாது. கீழே சேலத்து வீட்டுக்கு அது தேவையில்லை.

மூன்றாவது சிறியது. சிங்க் முன் மூன்றடிக்கு இரண்டடி மட்டும் ஆர்11 பதித்திருக்கலாம். மஞ்சள் தங்கும் என்று அதை முழுவதுமாகத் தள்ளினார்கள். ஆனால் அந்த இடத்தில் சிந்துவது தண்ணீர்தான், எண்ணெய் அரிது. இரண்டு டைலின் தடிமனும் ஒன்றாக இருந்தால் மட்டமும் கெடாது.